ஹனோவருக்கு 47, தோர்காமுக்கு 211

2025 செப்டம்பர் 1. இஸ்லாமாபாத்தில் விமானம் ஏறி, இஸ்தான்புல்லில் மாறி, 47 ஆப்கானியர்கள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் வந்து இறங்கினார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால், அதே இஸ்லாமாபாத்தில் இவர்களைப் போலவே காத்துக்கிடந்த 211 பேரைப் பாகிஸ்தான் போலீஸ் பிடித்து, தோர்காம் எல்லை வழியாக ஆப்கானிஸ்தானுக்குள் தள்ளிவிட்டிருந்தது. அந்த 211 பேருக்கும் ஜெர்மன் அரசு 'உங்களை ஏற்றுக்கொள்கிறோம்' என்று உறுதி கொடுத்திருந்தது. இந்த 47 பேருக்கும் அதே உறுதிதான். பார்த்த வேலை, தாலிபானால் வரக்கூடிய ஆபத்து, காத்திருந்த காலம் என்று எதை வைத்துப் பார்த்தாலும் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அப்புறம் எது பிரித்தது? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெர்லினில் ஒரு வக்கீல். 47 பேர் ஜெர்மன் அரசின் மீதே வழக்குப் போட்டு ஜெயித்தவர்கள். மற்றவர்கள் வழக்குப் போடாதவர்கள், அல்லது தீர்ப்பு வருமுன் போலீஸ் வண்டி வந்துவிட்டவர்கள். ஆப்கான் அகதிகளைப் பற்றிப் பேசும்போது லட்சக்கணக்கில்தான் எண்கள் வரும். 2025ஆம் ஆண்டில் மட்டும் ஈரானிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பியிருக்கிறார்கள், பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அந்தப் பெரிய எண்ணுக்குள் போனால் ஆள் முகமே தெரியாது. அதனால் இந்தச் சின்னக் கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் முறைப்படி செய்தவர்கள் இவர்கள். இவர்களுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் நிலை தானாகவே விளங்கும்.

காபூலிலிருந்து இஸ்லாமாபாத்துக்கு

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான் கைக்குப் போனது. தாலிபான் பொதுமன்னிப்பு அறிவித்தது. யாரையும் பழிவாங்க மாட்டோம் என்றது. ஆப்கானிஸ்தானுக்கான ஐ.நா. தூதுக்குழு 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, பழைய அரசின் அதிகாரிகளும் படையினருமாகக் குறைந்தது 218 பேர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டதைப் பதிவு செய்தது. பொதுமன்னிப்பின் மதிப்பு அவ்வளவுதான்.

பெண்கள் 'நான், கார், ஆஸாதி' என்று கோஷம் போட்டுக்கொண்டு காபூல் தெருவில் இறங்கினார்கள். ரொட்டி, வேலை, விடுதலை என்று பொருள். 2022 ஜனவரியில் தமனா ஸர்யாபி பர்யானி, பர்வானா இப்ராஹிம்கேல் ஆகிய இரண்டு போராட்டக்காரர்களை வீடு புகுந்து பிடித்துக்கொண்டு போனார்கள். தமனா கதவைத் தட்டும் சத்தத்துக்கு நடுவே உதவி கேட்டுப் பதிவு செய்த வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. பல வாரம் கழித்து விடுதலையான தமனா பிறகு ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். 2023 செப்டம்பரில் கொலோன் நகரில் உண்ணாவிரதம் இருந்தார். பாலின ஒதுக்கலைக் குற்றமாக உலகம் ஏற்கவேண்டும் என்பது கோரிக்கை. அவர் போன வழியில் போகக் காத்திருந்தவர்கள்தான் நம் கதையில் வருபவர்கள்: தெருவில் இறங்கிய பெண்கள், நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், சட்டக் கல்லூரி ஆசிரியர்கள், தன்பாலினத்தவர்கள், ஜெர்மன் படைக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவர்கள்.

ஜெர்மனி 2022 அக்டோபரில் இவர்களில் பலருக்காக ஒரு கூட்டாட்சி ஏற்புத் திட்டத்தைத் தொடங்கியது. மாதத்துக்கு 1,000 பேர் வரை எடுப்போம் என்றார்கள். நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. பதிவு பெற்ற அமைப்பு ஒன்று உங்கள் பெயரைக் கொடுக்கவேண்டும். இன்னொரு நிபந்தனையும் இருந்தது, இந்த வழக்கின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. பெயர் கொடுக்கப்படுபவர் ஆப்கானிஸ்தானுக்கு உள்ளேயே இருக்கவேண்டும். ஏற்கெனவே பாகிஸ்தானுக்கோ ஈரானுக்கோ தப்பி வந்தவர் இந்தத் திட்டத்தில் சேர முடியாது.

சரி, தேர்வாகிவிட்டார். காபூலில் ஜெர்மன் தூதரகம் கிடையாது. விசா வாங்க இஸ்லாமாபாத் போகவேண்டும். அதாவது இவர்கள் பாகிஸ்தானுக்குப் போனது ஜெர்மனி போகச் சொன்னதால்தான். 2023 வசந்த காலத்தில் பாதுகாப்புச் சந்தேகங்கள் எழுந்து திட்டம் சில மாதம் நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்கியபோது கூடுதல் பாதுகாப்பு நேர்காணல் சேர்ந்துகொண்டது. சில வாரத்தில் முடியும் என்று வந்தவர்கள் மாதக்கணக்கில், பிறகு வருடக்கணக்கில் இருந்தார்கள். ஜிஐஇசட் என்ற ஜெர்மன் அரசு நிறுவனம் விடுதி எடுத்துக் கொடுத்துச் செலவைப் பார்த்துக்கொண்டது. காபூலில் வீட்டை விற்றாயிற்று, சாமானை விற்றாயிற்று. குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. மாதம் 1,000 என்ற கணக்கை அந்தத் திட்டம் ஒருநாளும் எட்டவே இல்லை.

பிளாஸ்டிக் கோப்பு

இப்படிக் காத்திருக்கும் குடும்பம் ஒன்றிடம் என்னென்ன காகிதம் இருக்கும் என்று பார்த்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். தஸ்கிரா என்கிற ஆப்கான் அடையாள அட்டை. பாஸ்போர்ட். பாகிஸ்தான் விசாவின் ஏ4 அச்சு, அது ஆன்லைனில் வருவது. விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்த ரசீது. பலரிடம் ஐ.நா. அகதிகள் அமைப்பான யுஎன்எச்சிஆரின் கூட்டாளி அமைப்பான ஷார்ப் கொடுத்த பதிவுச் சீட்டு. கடைசியாக, ஜெர்மனியின் ஏற்பு உறுதிக் கடிதம்.

இதில் பெரும்பாலானவற்றுக்குத் தேதி உண்டு, ஒன்றுக்கொன்று ஒட்டாத தேதிகள். முன்பு ஆறு மாதத்துக்குக் கிடைத்த பாகிஸ்தான் விசா நீட்டிப்பு 2025 வாக்கில் ஒரு மாதம், ஒரு மாதமாகச் சுருங்கியது. ஒரு மாத நீட்டிப்புக்கு விண்ணப்பித்துப் பதில் வருவதற்குள் அந்த மாதம் முடிந்துவிடும். பலருக்குப் பதிலே வரவில்லை. தரகரிடம் போனால் பணம். பாஸ்போர்ட் காலாவதி ஆனால் புதுப்பிக்க எங்கே போவது? இஸ்லாமாபாத்தில் உள்ள ஆப்கான் தூதரகம் தாலிபான் நியமித்த ஆட்கள் கையில் இருக்கிறது. தாலிபானுக்கு எதிராக ஊர்வலம் போன பெண், தாலிபானின் அதிகாரியிடம் பெயர், முகவரி, புகைப்படம் கொடுத்து பாஸ்போர்ட் கேட்கவேண்டும்.

இவர்கள் யாரும் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் இல்லை. விசா வாங்கி, எல்லை கேட்டில் முத்திரை குத்தி வந்தவர்கள். உட்கார்ந்த இடத்திலேயே ஒருநாள் காலையில் சட்டவிரோதிகள் ஆனார்கள். மிகவும் விசித்திரமாக எனக்குப்படுவது 2023 நவம்பரில் நடந்தது. விசா முடிந்தபின் தங்கியிருந்து, மேற்கு நாடுகளுக்கு விமானம் ஏறப்போகிற ஆப்கானியர்களிடம் தலைக்கு 830 டாலர் வெளியேறும் கட்டணம் கேட்டது பாகிஸ்தான். எதிர்ப்பு கிளம்பியதும் 400 டாலர் ஆக்கினார்கள். ஒரு பக்கம் வெளியே போ என்று விரட்டல். கிளம்பினால் வாசலில் வசூல்.

பாகிஸ்தான் தரப்பு

பாகிஸ்தானை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். ஆனால் 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் வந்ததிலிருந்து நாற்பது வருடத்துக்கு மேலாக உலகத்தின் மிகப் பெரிய அகதிக் கூட்டங்களில் ஒன்றைத் தாங்கிய நாடு அது. 2021க்குப் பிறகு மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் பேர் புதிதாக வந்தார்கள். மேற்கு நாடுகள் 'எங்கள் ஆட்கள் கொஞ்ச நாள் இருக்கட்டும், கூட்டிக்கொண்டு போகிறோம்' என்று சொல்லி நான்கு வருடமாகக் கூட்டிக்கொண்டு போகவில்லை. இஸ்லாமாபாத் அதிகாரி ஒருவர் இதைச் சொன்னால் மறுத்துப் பேச என்னிடம் பதில் இல்லை.

ஆனால் நடந்தது வேறு கணக்கு. 2023 செப்டம்பர் 29 அன்று பலூசிஸ்தானின் மஸ்துங்கில் மீலாது ஊர்வலத்தில் குண்டு வெடித்து 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான்கு நாளில், அக்டோபர் 3 அன்று, இடைக்கால உள்துறை அமைச்சர் சர்பராஸ் புக்டி அறிவித்தார்: ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் எல்லாரும் நவம்பர் 1க்குள் வெளியேற வேண்டும். அந்த ஆண்டின் 24 தற்கொலைத் தாக்குதல்களில் 14ஐ ஆப்கானியர்கள் நடத்தியதாகச் சொன்னார். ஆவணமில்லாத ஆப்கானியர் 17.3 லட்சம் பேர் என்று ஒரு கணக்கும் கொடுத்தார். பாகிஸ்தானுக்குள் தாக்குதல் நடத்தும் 'பாகிஸ்தான் தாலிபான்' இயக்கத்தை அடக்கச் சொல்லி காபூலை நெருக்க வேறு பிடி கிடைக்காமல், கையில் இருந்த அகதிகளைப் பிடியாக்கினார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

முதல் கட்டம் ஆவணம் இல்லாதவர்களுக்கு. அடுத்தது ஆப்கான் குடியுரிமை அட்டை வைத்திருந்த 8 லட்சம் பேருக்கு, 2025 மார்ச் 31 வரை கெடு. அதன் பிறகு பிஓஆர் என்கிற பதிவுச் சான்று அட்டைக்காரர்கள், ஏறக்குறைய 13 லட்சம் பேர். அவர்கள் அட்டை 2025 ஜூன் 30 அன்று காலாவதி ஆக விடப்பட்டது. இந்த அட்டைகளைக் கொடுத்ததே பாகிஸ்தான் அரசுதான். 2006-07இல் யுஎன்எச்சிஆரோடு சேர்ந்து பிஓஆர் அட்டை, 2017இல் ஆப்கான் குடியுரிமை அட்டை. அரசை நம்பி வரிசையில் நின்று கைரேகை கொடுத்தவர்களைத் தேடிப் பிடிக்க அந்தப் பதிவே வழிகாட்டியது. இஸ்லாமாபாத், ராவல்பிண்டி இரண்டு ஊரையும் காலிசெய்யத் தனித் திட்டம் 2025 ஜனவரியில் வந்தது. மூன்றாம் நாடு போகக் காத்திருப்பவர்களும் மார்ச் 31க்குள் நகரத்தை விட்டுப் போகவேண்டும் என்றது அது. வீட்டுக்காரர்களுக்கு எச்சரிக்கை போனது, ஆப்கானியருக்கு வாடகைக்கு விடாதே என்று.

சட்டம் என்ன சொல்கிறது? 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் பாகிஸ்தான் கையெழுத்துப் போடவில்லை. அகதி என்ற சொல்லுக்கே அங்கே உள்நாட்டுச் சட்டம் கிடையாது. இருப்பது 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம், அனுமதியின்றித் தங்கினால் தண்டனை என்கிற அதன் 14ஆம் பிரிவு. இஸ்லாமாபாத் ஆப்கானியர்களுக்கு இந்த எண் மனப்பாடம். தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தின் பெயர் எங்கோ கேட்டமாதிரி இருக்கும். வெள்ளைக்காரன் போகும்முன் போட்ட அதே சட்டம்தான் இந்தியாவிலும் ஓடியது. ஈழத்தமிழர்களைச் சிறப்பு முகாமில் அடைத்து வைத்ததும் இதே சட்டத்தின் 3ஆம் பிரிவின் கீழ்தான். இந்தியாவும் 1951 ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு. இங்கே அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2025 செப்டம்பர் 1, ஹனோவரில் விமானம் இறங்கிய அதே நாள். தற்செயல்தான், ஆனாலும் குறித்துவைக்கத் தோன்றியது.

பாகிஸ்தான் நீதிமன்றங்கள் சும்மா இருந்தன என்றும் சொல்ல முடியாது. 2023இல் இஸ்லாமாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி பாபர் சத்தார், அடைக்கலம் தேடி வந்த ஓர் ஆப்கான் பெண் மீதான 14ஆம் பிரிவு வழக்கில், ஒப்பந்தத்தில் கையெழுத்து இல்லாவிட்டாலும் உயிருக்கான உரிமை அவருக்கும் உண்டு என்ற நிலையை எடுத்தார். பெஷாவர் உயர்நீதிமன்றம் 2024இல், தாலிபான் இசையைத் தடைசெய்ததால் ஓடிவந்த 150 பாடகர்களையும் இசைக்கலைஞர்களையும் நாடு கடத்தத் தடை விதித்தது. தீர்ப்பு இருந்தது. காவல்நிலையம் வரை அது வந்து சேரவில்லை.

பெர்லினில் ஒரு சட்ட ஆசிரியை

2025 பிப்ரவரித் தேர்தலுக்குப் பின் ஜெர்மனியில் பழமைவாதிகளும் சோஷலிச ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து ஆட்சி அமைத்தார்கள். தாங்களாக முன்வந்து ஆள் எடுக்கும் திட்டங்களை முடிந்தவரை நிறுத்துவோம், உதாரணம் ஆப்கானிஸ்தான் என்று கூட்டணி ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். மே மாதம் உள்துறை அமைச்சர் அலெக்சாண்டர் டோப்ரிண்ட் பொறுப்பேற்றதும் எல்லாம் நின்றது. அப்போது பாகிஸ்தானில் உறுதிக் கடிதத்தோடு இருந்தவர்கள் ஏறக்குறைய 2,400 பேர்.

காபூல் லுஃப்ட்புரூக்கே என்ற உதவி அமைப்பின் துணையோடு இவர்களில் சிலர் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனார்கள். முதல் முக்கியத் தீர்ப்பு ஜூலையில் வந்தது. மனுதாரர் ஓர் ஆப்கான் சட்ட ஆசிரியை, கூடவே குடும்பத்தினர் 13 பேர். நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது. திட்டத்தை நிறுத்த அரசுக்கு உரிமை உண்டு, புதிதாக யாருக்கும் உறுதி கொடுக்காமல் இருக்கலாம். கொடுத்த உறுதியிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பாதுகாப்புச் சந்தேகம் எதுவும் இல்லை, பாகிஸ்தான் திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து, ஆகவே விசா கொடு.

காபூலில் சட்டம் நடத்திக்கொண்டிருந்தவர், தன்னை வரச்சொன்ன நாட்டின் மீதே வழக்குத் தொடுத்துத்தான் அந்த நாட்டுக்குள் போகவேண்டி வந்தது. அவர் மாணவர்களுக்கு எடுத்த பாடங்களில் இது இருந்திருக்காது.

இந்தத் தீர்ப்பு அவருக்கு மட்டும்தான் பொருந்தும். அடுத்தவர் தனியாக வழக்குப் போடவேண்டும். அரசு அதைத்தான் செய்தது. தீர்ப்பு வந்தவர்களுக்கு மட்டும் விசா, மற்றவர்கள் பாதுகாப்புச் சோதனையில் காத்திருக்கட்டும். வழக்குகள் ஒன்றன் பின் ஒன்றாகக் குவிய, ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு வர வாரங்கள் ஆயின.

இன்னொரு நுணுக்கமும் இருந்தது, பிற்பாடு அதுதான் கத்தியாக விழுந்தது. ஜெர்மனியின் குடியிருப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவின் கீழ் கொடுத்த உறுதி ஒரு முறையான நிர்வாக ஆணை. 2021-22இல் அவசரமாகப் போட்ட மனித உரிமைப் பட்டியல், இடைக்காலத் திட்டம் ஆகியவற்றில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது 22ஆம் பிரிவின் கீழான உறுதி. இந்த இரண்டாவது வகை, அரசின் அரசியல் விருப்பத்தைத் தெரிவிக்கும் உள்விவகாரம் மட்டுமே, அதை வைத்து உரிமை கோர முடியாது என்று பெர்லின் மேல்நிலை நிர்வாக நீதிமன்றம் பார்த்தது. மனித உரிமைப் பட்டியலில் இருந்தவர்கள் யார்? பெயரைக் கேட்டாலே தெரியும், செயற்பாட்டாளர்கள். ஆபத்து கூடுதலாக இருந்தவர்களுக்கு முந்திக் கொடுத்த கடிதம் சட்டத்தில் பலவீனமான கடிதமாகப் போனது. கடிதம் வாங்கிய நாளில் எந்தப் பிரிவு என்று அவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

ஆகஸ்ட்

ஆகஸ்ட் நடுவில் இஸ்லாமாபாத் போலீஸ் ஜெர்மன் விடுதிகளுக்கே வந்தது. விசா காலாவதி என்று சொல்லி ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. சிலரை வெளியே மருந்து வாங்கப் போன இடத்தில் பிடித்தார்கள் என்றும், கணவன் ஒரு வண்டியில் மனைவி இன்னொரு வண்டியில் என்று போனார்கள் என்றும் அப்போது செய்திகள் வந்தன. பிடித்தவர்களைக் கொண்டுபோன இடத்தின் பெயர் ஹாஜி கேம்ப். ஹஜ் பயணிகளுக்காக ஏற்பட்ட இடம், அப்போது அங்கிருந்து பேருந்து கிளம்பியது தோர்காமுக்கு.

ஜெர்மன் வெளியுறவு அமைச்சகம் கொடுத்த எண்கள்: 211 பேர் நாடு கடத்தப்பட்டார்கள், தூதரகம் தலையிட்டதால் 245 பேர் முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். அந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்கவேண்டும். தூதரகம் ஒரு தொலைபேசி அழைப்பை வேகமாகச் செய்தால் ஆளை மீட்க முடிந்திருக்கிறது. அப்படியென்றால் விசாவை அதே வேகத்தில் கொடுத்திருந்தால் மீட்கவேண்டிய தேவையே வந்திருக்காது.

இவர்களுக்காவது எண் இருக்கிறது, கேட்க ஒரு தூதரகம் இருக்கிறது. எந்த நாட்டின் கடிதமும் இல்லாத குடும்பங்கள் வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, இஸ்லாமாபாத்தின் அர்ஜென்டினா பூங்காவில் தார்ப்பாய் கட்டி மழையில் இருந்தார்கள். அமெரிக்காவை நம்பி இருந்தவர்களுக்கு 2025 ஜனவரி 20 அன்றே கதவு மூடியிருந்தது. டிரம்ப் பதவியேற்ற முதல் நாளே அகதிகள் ஏற்புத் திட்டத்தை நிறுத்திவைத்தார். பயணத்துக்கு அனுமதி கிடைத்திருந்த ஏறக்குறைய 1,660 ஆப்கானியர்களின் விமானங்கள் ரத்தாயின. ஈரான் கதை இதைவிடப் பெரியது, இங்கே ஓரிரு வரிதான் எழுத முடியும். ஜூன் மாத இஸ்ரேல் போருக்குப் பிறகு உளவாளிகள் என்று பழி சுமத்தி, ஜூலை 6 கெடு வைத்து, நாளுக்குப் பல்லாயிரம் பேரை இஸ்லாம் கலா எல்லைக்கு அனுப்பினார்கள். அங்கே ஆப்கானியர்கள் இதற்கு 'ரத்-இ-மர்ஸ்' என்பார்கள். 'அவனை ரத்-இ-மர்ஸ் பண்ணிவிட்டார்கள்' என்று சாதாரணப் பேச்சிலேயே வரும் சொல் அது, அவ்வளவு பழகிப்போயிற்று.

ஆகஸ்டிலேயே புரோ அசூல் உள்ளிட்ட இரண்டு ஜெர்மன் அமைப்புகள் டோப்ரிண்ட் மீதும் வெளியுறவு அமைச்சர் யோஹான் வாடேஃபூல் மீதும் குற்றப் புகார் கொடுத்தன. ஆபத்தில் இருப்பவரைக் கைவிட்டது, உதவாமல் இருந்தது என்பவை புகாரின் பிரிவுகள். இதே கோடையில், ஜூலை 18 அன்று, லைப்ஸிகிலிருந்து 81 ஆப்கானியர்களை காபூலுக்கு விமானம் ஏற்றியிருந்தது ஜெர்மனி. குற்றத் தண்டனை பெற்றவர்கள் என்றது அரசு. அதுபோன்ற விமானங்களுக்கு ஒத்துழைக்க தாலிபானின் தூதரக அலுவலர்கள் இரண்டு பேர் ஜெர்மனிக்குள் அனுமதிக்கப்பட்டார்கள். ஜெர்மனியில் ஏற்கெனவே குடியேறிய செயற்பாட்டாளர்களுக்கு இது வயிற்றில் புளியைக் கரைத்தது. இனி பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனால் படிவம் யார் மேசைக்குப் போகும்? இஸ்லாமாபாத்தில் இருந்த அதே பிரச்சினை, ஆப்கான் துணைத் தூதரகம் இருக்கும் பான் நகரத்துக்கும் வந்து சேர்ந்தது.

கேட்டுக்கு அந்தப் பக்கம்

தோர்காமில் ஒரு பெண் தனியாக இறக்கிவிடப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காபூல் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். 2021 டிசம்பர் உத்தரவுப்படி 72 கிலோமீட்டருக்கு மேல் போகும் பெண்ணுடன் மஹ்ரம், அதாவது கணவன், அப்பா, அண்ணன் தம்பி போன்ற நெருங்கிய ஆண் உறவு ஒருவர் இருக்கவேண்டும். மஹ்ரம் இல்லாத பெண்ணை ஏற்றினால் டிரைவருக்கும் வம்பு. 2024 ஆகஸ்டில் வந்த ஒழுக்கச் சட்டம் பெண்ணின் குரலையே மறைக்கவேண்டியதாக ஆக்கிவிட்டது. டாக்சிக்காரரிடம் வாடகை பேசுவதே குற்றம் ஆகக்கூடிய நிலை. காபூலில் இறங்கி வீடு வாடகைக்கு எடுக்கவும் ஆண் பெயர் வேண்டும். வீட்டைத்தான் விற்றுவிட்டு வந்தார்களே.

2025 ஜூலையில் ஐ.நா. தூதுக்குழு, திருப்பி அனுப்பப்பட்ட 49 பேரிடம் பேசி ஓர் அறிக்கை வெளியிட்டது. முன்னாள் தொலைக்காட்சிச் செய்தியாளரான ஒரு பெண் தான் வீட்டுக் காவலில் இருப்பதுபோல் வாழ்வதாகச் சொன்னார். பழைய அரசின் அதிகாரி ஒருவர் தன்னை ஒரு வீட்டில் அடைத்து அடித்ததையும், தண்ணீரில் மூச்சுத் திணறவைத்ததையும், சுடுவதுபோல் நடித்ததையும் விவரித்தார். இந்த அறிக்கை வெளிவந்து மூன்று வாரத்துக்குப் பிறகுதான் இஸ்லாமாபாத் விடுதிகளுக்கு வண்டி வந்தது. யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல இடமே இல்லை. அதே ஜூலையில்தான் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம், பெண்களைத் துன்புறுத்தும் குற்றத்துக்காகத் தாலிபான் தலைவர் ஹைபத்துல்லா அகுந்த்ஸாதாவுக்கும் தலைமை நீதிபதி அப்துல் ஹக்கீம் ஹக்கானிக்கும் கைது ஆணை பிறப்பித்தது.

ஆகஸ்ட் 31 நள்ளிரவை ஒட்டி கிழக்கு ஆப்கானிஸ்தானின் குனாரில் நிலநடுக்கம். 2,200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிஓஆர் அட்டைக்காரர்களைத் திருப்பி அனுப்புவது மறுநாள் தொடங்குவதாக இருந்தது. அப்போதைய யுஎன்எச்சிஆர் தலைவர் பிலிப்போ கிராண்டி கொஞ்சம் நிறுத்திவையுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். நிற்கவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் தாலிபான் ஐ.நா. அலுவலகங்களுக்குள் ஆப்கான் பெண் ஊழியர்களை விடவில்லை. திரும்பி வருபவர்களில் பாதிக்கு மேல் பெண்களும் சிறுமிகளும். அவர்களிடம் விவரம் கேட்க, கைரேகை எடுக்கப் பெண் ஊழியர் இல்லாமல், கைச்செலவுப் பணம் கொடுக்கும் எட்டு மையங்களை யுஎன்எச்சிஆர் மூடவேண்டி வந்தது.

ஜெர்மன் கடிதத்தோடு தள்ளப்பட்டவர்களுக்கு காபூலில் தங்க இடம் ஏற்பாடு செய்ததாக ஜெர்மன் அரசு தெரிவித்தது. அதாவது 2022இல் 'ஆப்கானிஸ்தானுக்குள் இருந்தால்தான் திட்டத்தில் சேர முடியும்' என்று சொல்லப்பட்ட அதே இடத்துக்கு, மூன்று வருடம், வீடு, வேலை எல்லாம் கழிந்த பிறகு வந்து சேர்ந்தார்கள். இந்த முறை அவர்கள் ஜெர்மனி போக முயன்றவர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

டிசம்பர் வரை

செப்டம்பருக்குப் பிறகு தீர்ப்பு கையில் இருந்தவர்கள் சின்னச் சின்னக் கூட்டமாக வந்தார்கள். பாகிஸ்தான் ஆண்டு முடிவு வரை பொறுத்துக்கொள்வதாகச் சொன்னது. அந்த இடைவெளியில் ஜெர்மன் உள்துறை இன்னொரு யோசனையைக் கொண்டுவந்தது. ஏற்பு உறுதியை விட்டுக்கொடுப்பவர்களுக்குச் சில ஆயிரம் யூரோ பணம், ஆப்கானிஸ்தானுக்கோ வேறு நாட்டுக்கோ போய்க்கொள்ளலாம். ஒரு சிறு பகுதியினர் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் மறுத்தார்கள். வாங்கியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாத விசாவுக்காக மாதாமாதம் ஓடிக் களைத்தவருக்குப் பணம் கையில் வருவது ஒரு முடிவாவது.

அக்டோபரில் பாகிஸ்தானும் தாலிபானும் எல்லையில் சண்டை போட்டுக்கொண்டன. அக்டோபர் 12 முதல் தோர்காம் மூடப்பட்டது. பழ லாரிகள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. நவம்பர் 1 அன்று கேட் திறந்தது, திருப்பி அனுப்பப்படும் ஆப்கானியர்களுக்கு மட்டும். லாரி போக முடியாது, வியாபாரி போக முடியாது, விசா வைத்திருப்பவர் வர முடியாது.

டிசம்பரில் ஏறக்குறைய 640 பேருக்கு ஜெர்மனியிடமிருந்து பதில் போனது. மனித உரிமைப் பட்டியலிலும் இடைக்காலத் திட்டத்திலும் இருந்தவர்கள், அந்த 22ஆம் பிரிவுக் கடிதக்காரர்கள். அவர்களை ஏற்றுக்கொள்வதில் இனி அரசியல் ஆர்வம் இல்லை என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.